புகாரா அமீரின் நீல அங்கி

“1911இல் எடுத்த படம் எப்படிக் கலரில் இருக்கிறது? கம்ப்யூட்டரில் சாயம் பூசியதுதானே?” மத்திய ஆசியாவின் புகாரா நாட்டை ஆண்ட அமீர் ஆலிம் கானின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார். இல்லை. அந்த அங்கியின் நீலம் தகட்டிலேயே பதிவானது.

படமெடுத்தவர் ரஷ்யரான செர்கேய் புரோகுதின்-கோர்ஸ்கி. சுமார் 9 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளமுள்ள ஒரே கண்ணாடித் தகட்டில் நீலம், பச்சை, சிவப்பு ஃபில்டர்கள் வழியே அடுத்தடுத்து மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் எடுப்பார். மூன்றையும் அந்தந்த நிறத்தில் ஒன்றாகச் சேர்த்தால் கலர்ப் படம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தகைய 1,902 தகடுகளை 1948இல் அவருடைய வாரிசுகளிடம் வாங்கியது. இன்று அவற்றின் ஸ்கேன்கள் இணையத்தில் இலவசம்.

பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி ஸ்கேன் செய்வது, நெகட்டிவைப் பாசிட்டிவாகப் புரட்டுவது, மூன்றாக வெட்டுவது எல்லாம் வழக்கமான வேலை. ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தும்போதுதான் சுவாரசியம் தொடங்குகிறது. ஒவ்வொரு படத்துக்கும் தகட்டை நகர்த்தியதால் மூன்றும் சற்றே விலகி நிற்கும். பச்சையை நீலத்தின் மேல் எல்லாத் திசையிலும் 15 பிக்சல் வரை நகர்த்திப் பார்த்தால் 961 நிலைகள். இரண்டின் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் எதில் மிகக் குறைவோ அதுவே சரி. பெரிய ஸ்கேனில் விலகல் 100 பிக்சலைத் தாண்டலாம், அப்போது நிலைகள் 40,000க்கும் மேல். அதனால் படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கி, சின்னதில் உத்தேசமாகப் பொருத்திவிட்டு, பெரிதாக்கும் ஒவ்வொரு படியிலும் ஓரிரு பிக்சல் மட்டும் திருத்துவார்கள். தகட்டின் கறுப்பு ஓரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்தும், முகம் பொருந்தாது.

அமீரிடம் இந்தக் கணக்கு தோற்கும். நீல ஃபில்டரில் பளிச்சென்றிருக்கும் அங்கி சிவப்பில் இருண்டுவிடுகிறது. வெளிச்சத்தை ஒப்பிட்டால் எந்த நிலையும் ஒத்துவராது. தீர்வு, வெளிச்சத்தை விட்டு விளிம்புகளை ஒப்பிடுவது. அங்கியின் பூவேலைக் கோடுகள் மூன்றிலும் அதே இடத்தில்தானே இருக்கும்!

பழுதுகளும் கலரில்தான் வரும். நீலப் படத்தில் பூச்சு உரிந்த இடம் மஞ்சள் திட்டாகும். அதே நீலப் படத்தில் ஒட்டிய தூசி நீலப் புள்ளியாகும். ஓடும் நீரில் வானவில் கோடுகள் தெரியும். மூன்று படங்களுக்கும் இடையே அலை நகர்ந்துவிட்டதே, அதை எந்த மென்பொருளாலும் நேராகப் பொருத்த முடியாது.

கலர்ப் படத்தோடு மூன்றும் அடங்கிய மூல ஸ்கேனையும் அந்நூலகம் தருவதால்தான் மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். பொதுப்பணத்தில் ஸ்கேன் செய்துவிட்டு வாட்டர்மார்க் குத்திய சின்ன ஜேபெக்கை மட்டும் தருவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. விளிம்பு தேடும் நிரலுக்கு அந்த வாட்டர்மார்க்கும் ஒரு விளிம்புதான்.