25 ஆட்கள், 25 குதிரைகள்: சுமாகோ என்னும் அஞ்சல் ஊர் இயங்கிய விதம்

எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) மலைகளின் ஊடாகக் கியோத்தோவுக்குச் செல்லும் நகாசெண்டோ நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். டோக்குகாவா ஆட்சிக்காலத்தில் (1603–1868) இவ்வழியே அனுப்பப்பட்ட அரசுச் சுமையை எந்த ஒரு குதிரையும் முழுத் தூரமும் சுமந்து சென்றதில்லை. சாலையில் 69 அஞ்சல் ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரின் குதிரையும் அடுத்த ஊர் வரை நடந்து, அங்கே சுமையை இறக்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிவிடும். அங்கிருந்து வேறொரு குதிரையின் முதுகில் அதே சுமை ஏறும். கிசோ பள்ளத்தாக்கில் உள்ள சுமாகோ, எடோவிலிருந்து எண்ணினால் இவற்றில் 42ஆவது ஊர்.

69 ஊர்களுக்கு 530 கிலோமீட்டரைப் பங்கிட்டால் சராசரி இடைவெளி எட்டுக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். பொதிக்குதிரையின் முழுச்சுமை சுமார் 150 கிலோ என்றும், சுமையாள் ஒருவர் தூக்கவேண்டியது ஏறத்தாழ 19 கிலோ என்றும் வரையறுத்திருந்தார்கள். இத்தனை எடையுடன் ஒரு கணவாயை ஏறி இறங்கிய குதிரை பொழுது சாய்வதற்குள் தன் கொட்டிலுக்கே திரும்பிவிட வேண்டும் என்றால், இடைவெளி இதைவிட அதிகம் நீள முடியாது. அப்படித் திரும்புவதால் வெளியூரில் தீவனம் தேடும் தேவையும் இல்லை. ஓட்டுபவருக்கும் விலங்குக்கும் தாங்கள் நடக்கும் அந்தச் சில கிலோமீட்டர் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் பழக்கமானது. அரசின் அவசரக் கடிதங்களும் இதே முறையில்தான் ஊருக்கு ஊர் ஆள் மாறி ஓடின.

1601இல், பின்னர் ஆட்சியை நிறுவிய டோக்குகாவா இயெயாசு கடலோரச் சாலையான தோக்காய்டோவில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது, ஊருக்கு 36 குதிரைகள் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார்; அதற்கு ஈடாக அவ்வூரார் தங்கள் வீட்டுமனைக்குச் செலுத்தும் வரி தள்ளுபடி செய்யப்பட்டது. மறு ஆண்டே நகாசெண்டோவிலும் அந்த முறை வந்தது. போக்குவரத்து பெருகப் பெருகக் கணக்கும் ஏறி, தோக்காய்டோவில் நாளொன்றுக்கு 100 ஆட்கள், 100 குதிரைகள் என்றும், நகாசெண்டோவில் அதில் பாதி என்றும் நிலைத்தது. கிசோவின் பதினோர் ஊர்களுக்கு மட்டும் மலைப்பாங்கான ஏழை நிலம் என்பதால் அதிலும் பாதி, அதாவது 25 ஆட்களும் 25 குதிரைகளும் போதும் என்று சலுகை கிடைத்தது.

அந்தச் சலுகையின் அளவை உணர 1843ஆம் ஆண்டின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதன்படி சுமாகோவின் மக்கள்தொகை 418, வீடுகள் 83. குழந்தைகள், முதியவர்கள் எல்லாரும் அடங்கிய 418 பேரிலிருந்து, நெல் விளையப் போதிய நிலமில்லாத ஒரு பள்ளத்தாக்கில், அன்றாடம் இத்தனை ஆட்களும் குதிரைகளும் வேலைக்கு நிற்க வேண்டும். வெறும் மனைவரித் தள்ளுபடியை வைத்துக்கொண்டு இதைத் தாங்கியிருக்கவே முடியாது.

ஊரைத் தாங்கியது கட்டண முறை. நாட்டை ஆண்ட படைத் தலைவரான ஷோகுனின் முத்திரை பெற்றவர்களின் சுமை இலவசமாகச் சென்றது. பிரபுக்களும் அலுவலர்களும் அரசு நிர்ணயித்த குறைந்த கட்டணத்தைச் செலுத்தினார்கள். வணிகர்களும் சாதாரணப் பயணிகளும் பேரம் பேசி, பெரும்பாலும் அதைப்போல் இருமடங்கு கொடுத்தார்கள். மேலே இருப்பவரின் பயணச் செலவைக் கீழே இருப்பவரின் சில்லறை ஈடுகட்டியது என்பதுதான் இதன் சுருக்கம். சில்லறை சிதறாமல் அஞ்சல் ஊருக்கே வந்து சேர வேண்டும் என்பதற்காக, இடைப்பட்ட சிற்றூர்கள் பயணிகளை இரவு தங்கவைக்கக் கூடாது என்று தடை இருந்தது; சுமையும் ஊர்தோறும் கைமாறியே போக வேண்டும் என்பது விதி.

இந்த விதியால் எரிச்சலடைந்தவர்களும் உண்டு. கிசோவுக்குக் கிழக்கே, மலைக்கு அப்பால் இருந்த இனா பள்ளத்தாக்கின் உழவர்கள் தங்கள் குதிரைகளில் சரக்கேற்றி, எங்கும் இறக்கி மாற்றாமல் சேரிடம் வரை நேரே கொண்டுசென்றார்கள். சூமா எனப்பட்ட இந்தப் போக்குவரத்தில் ஒவ்வோர் ஊரிலும் கட்டணம் அழவேண்டியதில்லை. இறக்கி ஏற்றுவதில் பொருள் சேதமும் இல்லை. வணிகர்கள் அதை நாடியதில் வியப்பில்லை. அஞ்சல் ஊர்கள் தொடர்ந்து வழக்காடின. 1764இல் ஷோகுனின் அரசு வழங்கிய தீர்ப்பு, சில கட்டுப்பாடுகளுடன் சூமாவுக்கு ஒப்புதல் அளித்தது. அஞ்சல் ஊர்களின் தனியுரிமையில் விழுந்த முதல் பெரிய ஓட்டைகளில் அதுவும் ஒன்று என்று கொள்ளலாம்.

ஊரின் அமைப்பையும் இந்தப் பணிகளே தீர்மானித்தன. தொய்யாபா என்னும் அலுவலகத்தில் எழுத்தர்கள் வரும் சுமையைப் பதிந்து, முறைவைத்து ஆளையும் குதிரையையும் ஒதுக்கினார்கள். பிரபுக்களும் உயர் அலுவலர்களும் தங்குவதற்கென்றே ஹோன்ஜின் என்ற பெரிய மாளிகை இருந்தது. அங்கே சாதாரணப் பயணிகளுக்கு இடமில்லை. ஒரே இரவில் இரண்டு பிரபுக்கள் வந்துவிட்டால் அடுத்தவருக்குத் துணை மாளிகையான வாக்கிஹோன்ஜின். மற்றவர்களுக்கு ஹதாகோ எனப்பட்ட விடுதிகள், சுமாகோவில் மட்டும் 31. அதாவது எட்டு வீடுகளுக்கு மூன்று விடுதி. இரவு உணவும் காலை உணவும் அங்கே கிடைக்கும். அதற்கும் வசதியில்லாதவர்கள் கையில் அரிசியுடன் வந்து, விறகுக்கு மட்டும் காசு கொடுத்துத் தாங்களே பொங்கிக்கொள்ளும் எளிய சத்திரங்களில் தங்கினார்கள். அப்படிப்பட்ட சத்திரம் ஒன்று, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சுமாகோவில் இன்றும் நிற்கிறது. ஊருக்குள் சாலை திடீரெனச் செங்கோணத்தில் இருமுறை முறிந்து திரும்பும். படையெடுத்து வருவோர் ஒரே வீச்சில் ஊரைக் கடந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

25 குதிரைகளுக்கு மிஞ்சிய கூட்டம் வந்தால் என்ன செய்வது? 1635 முதல் பிரபுக்கள் குறிப்பிட்ட முறையில் எடோவுக்கு வந்து தங்கிச் செல்ல வேண்டும் என்பது கட்டாயமானதால், பரிவாரங்களுடன் ஊர்வலங்கள் சாலைகளை நிறைத்தன. இதைச் சமாளிக்கச் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் ஆளும் குதிரையும் அனுப்ப வேண்டும் என்ற சுகேகோ முறை வளர்ந்து, 1694இல் முறைப்படுத்தப்பட்டது. கிசோவில் சுற்றுவட்டாரம் என்று சொல்லப் போதிய ஊர்களே இல்லை. ஆகவே இந்தக் கட்டாய ஊழியம் மலைக்கு அப்பால் இருந்த இனா உழவர்களின் தலையில் விழுந்தது. வேலை செய்யும் நாள் ஒருபுறமிருக்க, மலையைத் தாண்டி வந்து திரும்புவதற்கே அவர்களுக்குப் பொழுது சரியாகப் போயிற்று. 1861இல் பேரரசரின் தங்கையான இளவரசி கசுநோமியா, ஷோகுனை மணக்க ஆயிரக்கணக்கானோர் புடைசூழ இவ்வழியே எடோவுக்குச் சென்றபோது இந்த முறை தன் எல்லையைத் தொட்டது. ஒழுங்கின் இலக்கணம் என்று அஞ்சல் முறையைப் புகழ்வோர், அந்த ஒழுங்கின் விலையை உழவு நாட்களைப் பறிகொடுத்த இந்த ஊர்கள் செலுத்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்தது. 1872க்குள் அஞ்சல் ஊர்முறையும் சுகேகோவும் நீக்கப்பட்டன. ஊழியம் ஒழிந்தது, ஊருக்கு வருமானமும் ஒழிந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் இக்காலம் வளமாகவே இருந்தது. கிசோ காடுகளின் ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) முதலிய ஐந்து வகை மரங்களை வெட்டுவது பழைய ஆட்சியில் கடுங்குற்றம். ஒரு மரத்துக்கு ஒரு தலை என்றே வழங்குவார்கள். அந்தத் தடை நீங்கியபின், வாக்கிஹோன்ஜின் குடும்பத்தார் 1877இல் தங்கள் இல்லத்தை முழுக்க ஹினோகியால் புதிதாக எழுப்பினார்கள். 1880இல் மெய்ஜி பேரரசர் அங்கே சற்று இளைப்பாறிச் சென்றார். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. ஆற்றோரமாகப் புதிய சாலை வந்தது. 1911இல் முழுமையடைந்த இரயில் பாதையும் ஆற்றின் வழியையே பின்பற்றி, சுமாகோவை ஒதுக்கிவிட்டது.

வண்டி வராத ஊரில் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவும் யாரிடமும் பணமில்லை. மற்ற அஞ்சல் ஊர்களில் பழைய வீதிகள் கடைகளாகவும் அகலச் சாலைகளாகவும் மாறியபோது, சுமாகோவின் மரச் சட்டகங்களும், கல் பாரம் வைத்த பலகைக் கூரைகளும் வறுமையின் காரணமாகவே எஞ்சின. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த 1968இல் வீடுகளைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 1971இல் ஊரார், வீட்டையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் ஒரு சாசனம் செய்துகொண்டார்கள். இவற்றில் மிகக் கூர்மையான விதி நடுவில் இருப்பதுதான்: வாடகைக்கு விட்டால் வெளியூர் முதலாளி வருவார், அவருடைய பெயர்ப்பலகையும் கூடவே வரும் என்று அவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள்.

1975இல் திருத்தப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கட்டடங்களோடு கட்டடத் தொகுதிகளையும் காக்க வழிசெய்தது. மறு ஆண்டு அச்சட்டத்தின் கீழ் முதன்முதலாகத் தேர்வான பகுதிகளில் சுமாகோவும் இடம்பெற்றது. அதன் எல்லை வீதியோடு நிற்கவில்லை. சுற்றியுள்ள மலைக்காடுகளையும் பழைய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 1,245 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்டது. ஆகவே, பொதிக்குதிரைகள் அடுத்த ஊரான மகோமேவுக்கு ஏறிச் சென்ற கணவாய்ப் பாதையில் இன்றும் நடந்து போக முடிகிறது. வேகமாக நடப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.