ஒரே ஆண்டில் பிறந்த மட்டிகள்

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஆய்வாளர்கள் சேற்றுத்திட்டில் ஒரு சட்டகத்தை அழுத்தி, அதற்குள் இருக்கும் சேற்றை மொத்தமாக அள்ளிச் சல்லடையில் அலசுவார்கள். சேறு கரைந்தோடியதும் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் விரல்நகம் அளவு ஓடுகள் மிஞ்சும். அவை பால்டிக் மட்டிகள், சேற்றில் புதைந்து வாழும் இரட்டை ஓட்டு உயிரிகள். குளிரில் வளர்ச்சி நின்றுபோவதால் ஓட்டில் ஆண்டுக்கு ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடுகளை எண்ணினால் வயது தெரியும்.

ரஷ்யாவின் வெள்ளைக் கடலில் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கை எடுத்து வருகிறார்கள். எல்லா வயதிலும் ஓரளவு மட்டிகள் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பல நேரங்களில் ஒரே ஆண்டில் பிறந்தவைதான் திட்டை அடைத்துக்கொண்டிருக்கும்.

காரணம் இளம்பருவத்தில் இருக்கிறது. தாய் மட்டி ஆயிரக்கணக்கான முட்டைகளை நீரில் விடுகிறது. குஞ்சுகள் சில வாரங்கள் மிதந்து அலைந்த பிறகு சேற்றில் இறங்குகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் அவற்றில் மிகச் சிலவே தப்புகின்றன. எப்போதாவது எல்லாம் கூடிவரும் ஓர் ஆண்டில் திட்டே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு, வளர்ந்த மட்டிகள் தங்கள் உறிஞ்சுகுழலை நீட்டி மேற்சேற்றைத் துழாவித் தின்கின்றன. புதிதாக வந்திறங்கிய குஞ்சுகளுக்கு அங்கே இடமும் இல்லை, இரையும் இல்லை. மூத்த தலைமுறை கிழடாகிக் குறைந்த பிறகுதான் அடுத்த கூட்டம் கால் ஊன்ற முடியும். எண்ணிக்கை அலைபோல ஏறி இறங்குவது இதனால்தான். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து, இனம் அழிகிறது என்றோ பெருகுகிறது என்றோ சொல்வது பெரும் பிழை என்பேன்.

நெதர்லாந்தின் வாடன் கடலில் 1970களிலிருந்து எடுக்கப்படும் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. கடுங்குளிர் அடித்த ஆண்டுக்குப் பிந்தைய கோடையில்தான் குஞ்சுகள் அதிகம்! மிதமான குளிர்காலத்தில் மட்டியின் உடல் விழித்தே இருப்பதால் சேமித்த சத்து கரைந்து முட்டை குறைகிறது. அதோடு குஞ்சுகளைத் தின்னும் பழுப்பு இறால்களும் திட்டுக்குச் சீக்கிரமே வந்துவிடுகின்றன. கடுங்குளிரில் இறால் வரத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் குஞ்சு இறாலின் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கடல் சூடாகச் சூடாக இந்த இடைவெளி சுருங்குவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நல்ல ஆண்டுக்காகக் காத்திருக்க நீண்ட ஆயுள் வேண்டும். வட அட்லாண்டிக்கின் ஆர்க்டிகா மட்டிக்கு அது அளவில்லாமல் கிடைத்திருக்கிறது. 2006இல் ஐஸ்லாந்துக்கு வடக்கே எடுத்த ஒன்றுக்கு முதலில் 400 வயதுக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார்கள். கோடுகளை மறுபடி எண்ணி 2013இல் 507 என்று திருத்தினார்கள். அது பிறந்தது 1499இல். இடையில் எத்தனை பொய்த்த ஆண்டுகள் வந்தாலும் மீண்டும் முட்டையிட அதற்கு நேரம் இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் இதே இன மட்டியை இன்றும் இறைச்சிக்காக வாரி எடுக்கிறார்கள். அப்படி வருபவற்றில் நூறு வயதைத் தாண்டியவையும் இருக்கின்றன.