விமானத்தில் தகராறு, பறக்கத் தடை: கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

சாதாரண உடையில், துப்பாக்கியோடு, யாரென்றே தெரியாமல் ஒருவர் பயணிகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐசி-814 விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திக்கொண்டு போனதற்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. தேசியப் பாதுகாப்புப் படையின் ஆட்கள். எல்லா விமானத்திலும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சீட்டைச் சாய்த்ததற்கு வந்த சண்டைக்கெல்லாம் எழுந்து வர மாட்டார்கள். அவர்கள் வேலை கடத்தலைத் தடுப்பது.

சாதாரணப் பயணியின் தலையில் விழுவது வேறொரு விதி. கட்டுக்கடங்காத பயணிகள் பற்றிய அந்த விதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2017 செப்டம்பரில் திருத்தி வெளியிட்டது. செய்திகளில் நோ-ஃப்ளை பட்டியல் என்று அடிபடுவது இதுதான்.

அதில் மூன்று நிலை. மோசமான சைகை, வாய்த்தகராறு, போதையில் கலாட்டா என்றால் 3 மாதம் வரை தடை. தள்ளுவது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது என்றால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து விளைவிப்பது, விமானத்தின் கருவிகளைச் சேதப்படுத்துவது, விமானி அறைக்குள் நுழையப் பார்ப்பது என்றால் குறைந்தது 2 ஆண்டு. மறுபடியும் மாட்டினால் முந்தைய தடையைப்போல் இரு மடங்கு.

பணிப்பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தவனுக்குத் தடை வந்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கவலை இன்னொரு வகை ஆட்களைப் பற்றி. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர். விமானம் தரை தொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையை எடுக்க எழுந்துவிடுகிறார். உட்காரச் சொல்லி இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள். புரியவில்லை. மூன்றாவது முறை அவர்கள் குரல் உயர்கிறது, இவர் குரலும் உயர்கிறது. முடிந்தது. ஊழியர்கள் சொன்னதைக் கேட்காமல் ஒழுங்கைக் குலைப்பதுதான் அந்த விதியில் கட்டுக்கடங்காமைக்கு உள்ள விளக்கமே. எந்த மொழியில் சொன்னார்கள் என்று அதில் யாரும் கேட்பதில்லை. அதை நீங்கள்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

முதல் பொறி: மன்னிப்புக் கடிதம்

விமானம் இறங்கியதும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் எஃப்.ஐ.ஆர் போட மாட்டார்கள். அந்த வேலை அந்த ஊர்ப் போலீசுடையது. இடைப்பட்ட நேரத்தில் ஒரு வெள்ளைத்தாள் வரும். "ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க சார், கேஸ் எல்லாம் வேணாம்." வாசலில் வீட்டார் காத்திருக்கிறார்கள், பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தத் தாளைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டித்தான் பிறகு தடை வரும்.

எழுதித் தரச் சொன்னால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: விமான எண், தேதி, இருக்கை எண், என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள். "தவறு செய்துவிட்டேன்", "இனி இப்படி நடக்காது" இரண்டும் வேண்டாம். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அவர்களே எழுதி நீட்டினால், கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே "இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதி நேரத்தைக் குறியுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் கிளம்பிப் போவதற்குள் அவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அவரைப் பிடிக்க முடியாது.

விமானத்துக்குள் வீடியோ எடுப்பது தனிச் சிக்கல். பயணத்தில் படம் எடுக்கலாம் என்று டிஜிசிஏ 2020 செப்டம்பரில் விளக்கம் தந்தது. ஆனால் ஊழியர்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் எடுத்த வீடியோ உங்கள் பக்கத்து நியாயத்தைக் காட்டினாலும், எடுத்ததே புதுக் குற்றச்சாட்டாக வந்து நிற்கும்.

வாய்வார்த்தைத் தடை

"உங்க பேர் சிஸ்டத்துல பிளாக் ஆயிருக்கு." கவுண்டரில் கேட்கும் இந்த ஒரு வரியோடு திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். விதிப்படி விமான நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் மாதக்கணக்கில் தடை போட முடியாது. முதலில் கேப்டனின் புகார் வேண்டும். அது நிறுவனத்தின் உள் குழுவுக்குப் போக வேண்டும். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், பயணிகள் அல்லது நுகர்வோர் சங்கத்திலிருந்து ஒருவர் உறுப்பினர்கள். 30 நாளுக்குள், காரணம் காட்டி, எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை நிறுவனம் தற்காலிகமாகத் தடுத்து வைக்கலாம், அதுவும் அந்த 30 நாளுக்குத்தான். 30 நாளில் முடிவு வராவிட்டால் நீங்கள் பறக்கலாம்.

இந்தக் கடைசி வரி பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களையும் "விசாரணை நடந்துக்கிட்டிருக்கு" என்று இழுத்தடிப்பார்கள்.

ஆகவே சம்பவம் நடந்த மறுநாளே நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு, அதாவது பயணிகள் புகாரைக் கவனிக்கும் அதிகாரிக்கு, மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை மூன்று: கேப்டனின் புகார் நகல், குழுவுக்கு அனுப்பிய தேதி, எந்த நிலை என்று குறித்திருக்கிறார்கள் என்பது. உங்கள் விளக்கத்தையும் அதிலேயே இணைத்து, குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். 31-ஆம் நாள் அடுத்த மின்னஞ்சல்: முடிவு வரவில்லை, விதிப்படி தடை இல்லை, சிஸ்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யுங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் கணக்கில் வராது.

குழு முன் வாதாடுவது வீண் வேலை இல்லை. 2020 ஜனவரியில் ஒரு நகைச்சுவைக் கலைஞருக்கு நிறுவனம் 6 மாதத் தடை அறிவித்தது. உள் குழு அதை 3 மாதமாகக் குறைத்தது.

அதே விவகாரத்தில் வேறு நிறுவனங்களும் தாங்களாகவே தடை போட்டன. ஒரு நிறுவனத்தின் பட்டியல் இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது என்று விதியிலேயே இருக்கிறது. வேலைக்குத் திரும்ப வேண்டியவர் கையில் இருக்கும் டிக்கெட்டை நினைத்து உட்கார்ந்திருக்காமல் வேறு விமானத்தில் போய்விடலாம். அங்கேயும் மறுத்தால், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

கேட்டில் நடந்தால்

தகராறு விமானத்துக்குள் நடக்கவில்லை, செக்-இன் கவுண்டரிலோ கேட்டிலோதான் நடந்தது என்றால், அதையே உங்கள் முதல் வாதமாக வையுங்கள். விமான நிலைய வளாகத்தில் நடப்பதைப் பாதுகாப்பு அமைப்புகள் தண்டனைச் சட்டப்படி பார்த்துக்கொள்ளும் என்றுதான் 2017-இல் அமைச்சகம் சொன்னது. ஆனாலும் அதற்கும் தடை போடுகிறார்கள்.

கேட்டில் இன்னொரு தந்திரம் உண்டு. உங்களை ஏற்றாமல் விட்டுவிட்டு, பதிவேட்டில் 'நோ-ஷோ', அதாவது நீங்களே வரவில்லை என்று போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் கட்டணம் போச்சு, வரியும் விமான நிலையக் கட்டணங்களும்தான் திரும்பும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். கேட் பலகையில் விமான எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்த நேரமே நீங்கள் கேட்டில் நின்றதற்குச் சாட்சி. இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் கிடைக்கும் 10,000, 20,000 ரூபாய் இழப்பீட்டைத் தகராறில் இறக்கிவிடப்பட்டவர்கள் கேட்பதைப் பார்க்கிறேன். அது வேறு விதி, கிடைக்காது. அதில் நாட்களை வீணாக்க வேண்டாம்.

60 நாள்

குழுவின் உத்தரவு தவறு என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 60 நாளுக்குள் போகலாம். தலைவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். உத்தரவில் இருக்கும் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கைக்கு வந்த தேதி என்று வாதாடும் நிலையை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

60 நாள் கோட்டை விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் டிராவல்ஸ்காரர். டிக்கெட் போடும்போது தன்னுடைய மின்னஞ்சலையும் எண்ணையும் கொடுத்திருப்பார். உத்தரவு அவருடைய பெட்டியில் ஆயிரம் அஞ்சல்களுக்கு நடுவே கிடக்கும். சம்பவம் நடந்த உடனே உங்கள் சொந்த மின்னஞ்சலையும் வீட்டு முகவரியையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். டிராவல்ஸ்காரரிடமும் தேடச் சொல்லுங்கள்.

மேல்முறையீடு அனுப்ப: விமானப் போக்குவரத்து அமைச்சகம், ராஜீவ் காந்தி பவன், சஃப்தர்ஜங் விமான நிலையம், புது தில்லி 110003. ஸ்பீடு போஸ்ட், ரசீது பத்திரம். விதியின் நடப்புப் பதிப்பை டிஜிசிஏ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். நிறுவனத்தைக் கேட்டால் டிஜிசிஏ-வைக் கேள் என்பார்கள், டிஜிசிஏ-வைக் கேட்டால் நிறுவனத்தைக் கேள் என்பார்கள். ஏர்சேவா என்ற அமைச்சகத்தின் புகார்ச் செயலியில் போட்ட புகார் மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் மேல்முறையீடு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், இரண்டும் வேறு. இன்னும் ஒன்று: 2023 மார்ச்சில் ஒரு பயணியின் மேல்முறையீட்டைக் கேட்கக் குழு அமைக்கும்படி தில்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. காகிதத்தில் குழு இருக்கும். அது கூடுமா என்று எழுதிக் கேட்டு, பதில் வராததையும் ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் விமான நிறுவனத்திடம் நேரடியாகத் தகவல் உரிமை மனு செல்லாது. டிஜிசிஏ-விடம் செல்லும், கட்டணம் 10 ரூபாய். என் பெயரில் தடை வந்திருக்கிறதா, எந்தத் தேதியில், எந்த நிலை என்று மூன்று கேள்வி போதும்.

போலீஸ் வழக்கு தனி வண்டி. தடை நீங்கினாலும் எஃப்.ஐ.ஆர் நிற்கும், எஃப்.ஐ.ஆர் இல்லாமலும் தடை வரும். பயணி கொடுக்கும் புகாரை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பினால், தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, கேளுங்கள். அது இல்லாமல் நிலையத்தை விட்டு வர வேண்டாம்.

தடைக்காலத்தில் நிறுவனமே ரத்து செய்த திரும்பும் டிக்கெட்டின் பணத்தைத் தனி மின்னஞ்சலில் கேளுங்கள், தடை பற்றிய கடிதத்தோடு கலக்காமல். தராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்குப் பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டு.