செம்பு, வெள்ளி, கொஞ்சம் புகை: ஜொல்னாய் ஜாடிகள் நிறம் மாறுவது எப்படி?

ஹங்கேரியின் பேச் நகரத்துக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜொல்னாய் அருங்காட்சியகத்தில் ஒரு பூச்சாடி. நேரே நின்றால் பச்சை. இரண்டடி தள்ளிப் போனால் ஊதா. குனிந்து பார்த்தால் செம்பு மாதிரி மின்னுகிறது. அப்படி என்ன சாயம் பூசியிருக்கிறார்கள்?"

சாயமே இல்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி. காப்தலான் தெருவில் 2ஆம் எண் வீடு அது. 1324ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேசப்படும் கட்டடம்; பேச் நகரில் மிஞ்சியிருக்கும் குடியிருப்பு வீடுகளில் மிகப் பழையது என்கிறார்கள். 1955 முதல் ஜொல்னாய் தொழிற்சாலையின் பீங்கான் வேலைகள் அங்கே இருக்கின்றன. எதிர்வீட்டில், இதே ஊரில் பிறந்த விக்டர் வாசரேலியின் அருங்காட்சியகம். வெறும் கோடுகளையும் கட்டங்களையும் வைத்துக் கண்ணை ஏமாற்றியவர் அவர். ஒரே தெருவில் இரண்டு கண்கட்டு வித்தை.

தொழிற்சாலையை 1853இல் தொடங்கியவர் மிக்லோஷ் ஜொல்னாய். மகன் வில்மோஷுக்கு ஓவியராக ஆசை. அப்பா கடையில் உட்கார வைத்துவிட்டார். 1860களில் பட்டறை நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது வில்மோஷ் அதைக் கையில் எடுத்தார். 1878 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கும் அளவுக்கு வளர்த்தார். மகள்கள் தெரேஸும் யூலியாவும் வடிவமைப்பாளர்கள். புடாபெஸ்டின் பாலிடெக்னிக் பேராசிரியர் வின்ட்சே வார்தா வேதியியல் பக்கம் துணைக்கு வந்தார். அந்தக் கூட்டணியில் பிறந்து 1893இல் வெளியே வந்ததுதான் வாசகர் பார்த்த பூச்சு. அதற்கு எயோசின் என்று பெயர்.

பீங்கானுக்கு நிறம் கொடுக்கும் வழக்கமான வழி பள்ளிப் பாடம்தான். கோபால்ட் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் பச்சை, இரும்பு என்றால் பழுப்பு. அந்த அயனிகள் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தை அனுப்புகின்றன. நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் நீலம் நீலம்தான்.

எயோசின் அப்படியல்ல. முதல் சூட்டில் மண் ஓடாகும். இரண்டாவது சூட்டில் மேலே கண்ணாடிப் பூச்சு உருகிப் படியும். இதுவரை எல்லா ஊர்ப் பீங்கானுக்கும் பொது. மூன்றாவது சூடுதான் விஷயம்.

செம்பு, வெள்ளி உப்புகளைக் காவி மண்ணோடு குழைத்து, ஏற்கெனவே பளபளப்பாக இருக்கும் ஜாடியின்மேல் பூசுகிறார்கள். பார்க்கச் சேறு அப்பியது போல இருக்கும். சூளையைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தச் சூட்டில் கண்ணாடிப் பூச்சு உருகாது, ஆனால் லேசாக இளகும். அதன் உள்ளே சோடியம், பொட்டாசியம் அயனிகள் அதிகம் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்மின்சுமை. வெளியே சேற்றில் இருக்கும் வெள்ளி அயனிக்கும் அதே ஒரு மின்சுமை. செம்புக்கும் அந்த வடிவம் உண்டு. ஆகவே கணக்கு உதைக்காமல் இடம் மாற்றிக்கொள்ளலாம். சோடியம் வெளியே வருகிறது, செம்பும் வெள்ளியும் உள்ளே நுழைகின்றன. பூசியது மேலே ஒட்டவில்லை, கண்ணாடிக்குள் குடியேறிவிட்டது.

அப்புறம் காற்று வரும் வழியை அடைத்து, சூளைக்குள் புகை மூட்டுகிறார்கள். ஆக்ஸிஜன் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; அது கிடைத்த இடத்திலெல்லாம் ஆக்ஸிஜனைப் பிடுங்கும். விளைவாக, கண்ணாடிக்குள் போன செம்பு அயனிகள் எலக்ட்ரான் பெற்று உலோக அணுக்களாக மாறுகின்றன. தனி அணுக்களுக்குக் கண்ணாடிக்குள் நிம்மதி இல்லை. ஒன்றோடொன்று சேர்ந்து குட்டிக் குட்டி உருண்டைகளாகின்றன. ஓர் உருண்டையின் விட்டம் பத்து நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 40,000 செம்பு அணுக்கள் இருக்கும். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு.

சூளையைத் திறந்ததும் ஏமாற்றம்தான். கறுப்பும் பழுப்புமாக ஒரு பக்கு. ஈரத்துணியால் தேய்த்தால் வெந்த மண் உதிர்கிறது, அடியிலிருந்து உலோக மினுக்கம் எட்டிப் பார்க்கிறது. சூடு குறைந்திருந்தால் எதுவும் ஏறியிருக்காது. கூடிப்போனால் உருண்டைகள் ஆழத்துக்குப் போய் மினுக்கம் செத்துவிடும். எங்காவது விரிசல் வழியாகக் காற்று புகுந்தால் செம்பு அயனியாகவே தங்கி, வெளிறிய பச்சையோடு நின்றுவிடும். ஒரே சூளையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு ஜாடிகள்கூட ஒரே மாதிரி வராது.

சரி, உருண்டை எப்படி நிறம் தருகிறது? உலோகத்தில் எலக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிபவை. ஒளி என்பது மாறி மாறித் தள்ளி இழுக்கும் மின்புலம். பத்து நானோமீட்டர் உருண்டைக்குள் அடைபட்ட எலக்ட்ரான் கூட்டம் அந்தத் தாளத்துக்கு மொத்தமாக இடமும் வலமும் அலைகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரே போகுமே, அதுபோல ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போய், அந்த ஒளியை விழுங்கிவிடும். வெள்ளி உருண்டைக்கு அது 400 நானோமீட்டரைச் சற்றே தாண்டிய நீல ஊதாப் பகுதி; ஆகவே மிஞ்சுவது மஞ்சள். செம்புக்கு 560, 570 நானோமீட்டர் அளவில், ஆகவே சிவப்பு. காற்றில் சுட்டால் பச்சை தரும் அதே செம்பு, புகையில் சுட்டால் சிவப்பு தருவது இதனால்தான்.

இதுவும் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நிறம்தான். பச்சை ஊதாவாக மாறுவதற்கு இன்னொரு காரணம் வேண்டும். உலோக உருண்டைகள் கண்ணாடியின் விளிம்புவரை நிரம்பி வழிவதில்லை. மேலே மிக மெல்லிய ஒரு வெறும் கண்ணாடிப் படலம், அதற்குக் கீழே உருண்டைகள் நெருக்கமாக அடுக்கிய படலம், அதற்கும் கீழே மறுபடி வெறும் கண்ணாடி. ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்புகிறது. இன்னொரு பகுதி உருண்டைப் படலம்வரை போய்த் திரும்புகிறது. இரண்டும் கண்ணுக்கு வரும்போது சில அலைநீளங்கள் கூடுகின்றன, சில அடிபட்டுப் போகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் உள்ளே போய்வந்த ஒளிக்கு உள்ள பாதை வித்தியாசமும் மாறும். கூடும் நிறமும் மாறும். மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் தெரியும் வண்ணங்களும் இதே இயற்பியல்தான். ஜாடியின் வயிறு வளைந்திருப்பதால் ஒரே பார்வையில் பல கோணங்கள் கிடைக்கின்றன. வில்மோஷ் வீட்டார் தட்டையான ஓடுகளோடு நிறுத்தாமல் இத்தனை நெளிவு சுளிவு வைத்ததற்குக் கலைக் காரணம் என்னவோ, இயற்பியலுக்கு அது ரொம்ப வசதி.

இந்தப் படலங்களை ஜாடியை உடைக்காமல் அளக்கவும் முடியும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் அடியில் கலைப்பொருள்களை ஆராய்வதற்கென்றே ஒரு துகள் முடுக்கி இருக்கிறது. ஹீலியம் அணுக்கருக்களைப் பாத்திரத்தின்மேல் எறிந்து, எவ்வளவு ஆற்றலோடு திரும்புகின்றன என்று பார்த்தால், உலோகம் எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். இப்படி உலோக மினுக்கம் ஏற்றிய பீங்கானுக்கு லஸ்டர் என்று பெயர்; பழைய லஸ்டர் பாத்திரங்கள் பலவற்றை இப்படிப் பார்த்திருக்கிறார்கள். "பானை சட்டிக்கு முடுக்கியா, இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் நிதிக்குழு ஆள்கள் எல்லா நாட்டிலும் உண்டு. உலோகத்தை நானோ அளவில் கண்ணாடிக்குள் அடுக்கும் கலையை ஆயிரம் வருட அனுபவத்தோடு ஒரு கூட்டம் செய்துவைத்திருக்கும்போது அதைப் படிக்காமல் விடுவதுதான் வீண் செலவு என்பது என் கட்சி.

ஆயிரம் வருடம் என்பது மிகையில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் கால ஈராக்கின் குயவர்கள் இதைச் செய்தார்கள். அங்கிருந்து எகிப்து, ஸ்பெயின், பிறகு இத்தாலி. பதினாறாம் நூற்றாண்டில் குப்பியோ ஊரின் ஜார்ஜோ அந்த்ரேயோலி போட்ட மாணிக்கச் சிவப்பு பேர்போனது. வார்தா துரத்தியதும் அந்தச் சிவப்பைத்தான். உலோக உருண்டைகளின் நிறத்துக்கு ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ கணக்குப் போட்டுக் காட்டியது 1908இல். எயோசின் கடைக்கு வந்து பதினைந்து வருடம் கழித்து.

ஆகவே "உலகில் யாருக்கும் தெரியாத ரகசியம்" என்று சுற்றுலா விளம்பரங்கள் சொன்னால் பாதிதான் நம்புங்கள். எந்த உப்பு எவ்வளவு, எத்தனை நிமிடம் புகை என்பது தொழிற்சாலையின் சொந்தச் சரக்கு, இருக்கட்டும். உள்ளே நடப்பதில் மர்மம் கிடையாது. அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் டி மார்கனும் பிரான்ஸில் கிளெமாந்த் மாசியேயும் லஸ்டர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 'நானோ' என்று லேபிள் ஒட்டிக் கைக்காப்பு விற்கும் இந்தக் காலத்தில், எதையும் ரகசியம் என்று மூடி வைப்பவர்களிடம் கொஞ்சம் சந்தேகம் இருப்பது நல்லது.

பேச் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: நகர மையத்தில் 1930 முதல் நிற்கும் ஜொல்னாய் நீரூற்றையும் பாருங்கள். அதன் காளைத் தலைகளும் எயோசின்தான். உலோகம் கண்ணாடிக்குள் இருப்பதால் மழையும் பனியும் அதைச் சுலபத்தில் தொட முடியவில்லை. புடாபெஸ்டில் மாத்யாஸ் தேவாலயக் கூரையில் மின்னும் ஓடுகளும் ஜொல்னாய் தயாரிப்புதான், ஆனால் அவை சாதாரண வண்ணக் கண்ணாடிப் பூச்சு. அங்கே எத்தனை அடி நகர்ந்தாலும் பச்சை ஊதாவாகாது.