லென்ஸுக்குள் சிக்கிக்கொண்ட வைரஸ்

1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கைக்குழந்தைகள் பலருக்குக் கண்புரை, அதாவது கண்ணின் லென்ஸ் மங்கிப்போவது, இருப்பதைக் கவனித்தார். வயதானவர்களுக்கு வருவது பச்சைக் குழந்தைகளுக்கு, அதுவும் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் எப்படி வரும்? தாய்மார்களை விசாரித்தால், முந்தைய ஆண்டு பரவிய ரூபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்து போயிருந்தது. சக மருத்துவர்கள் பார்த்தவர்களையும் சேர்த்து அவர் அறிவித்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மார்கள் இதையே சொன்னார்கள்.

தாய்க்கு லேசான காய்ச்சல், சில நாள் தடிப்பு, அவ்வளவுதான். குழந்தையின் கண் ஏன் இந்தப் பாடு பட வேண்டும்?

கருவின் 5-ஆம் வாரவாக்கில் மேல்தோலின் ஒரு சிறு பகுதி உள்ளே மடிந்து, குமிழியாகப் பிரிந்து லென்ஸாகிறது, அப்புறம் அதைச் சுற்றி ஓர் உறை மூடிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டி வந்த வைரஸ் உறை மூடுவதற்குள் லென்ஸில் புகுந்துவிட்டால், உறைக்குள்ளேயே பத்திரமாக இருந்துவிடும். உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே போக முடியாது. லென்ஸ் தெளிவாக இருக்க வேண்டுமானால் அதன் செல்கள் தங்கள் உட்கருவைக் களைந்துவிட வேண்டும், வைரஸ் பாதித்த லென்ஸின் நடுவிலோ அந்த உட்கருக்கள் போகாமல் தங்கிவிடுகின்றன. குழந்தைக்கு 3 வயதாகும் வரைகூட அந்த லென்ஸிலிருந்து உயிருள்ள வைரஸை எடுத்திருக்கிறார்கள். புரையை அகற்றும்போது அந்த வைரஸ் கசிந்து கண்ணுக்குள் கடும் அழற்சி உண்டாக்கலாம் என்பதால் அறுவை செய்பவர் கவனமாக இருந்தாக வேண்டும்.

எல்லா வைரஸும் லென்ஸைத் தேடிப் போவதில்லை. கருவில் தொற்றக்கூடிய இன்னொரு வைரஸான சைட்டோமெகாலோவைரஸ் விழித்திரையில் தழும்பை விடும், பார்வை நரம்பையும் மூளையையும் கெடுக்கும். 2015-இல் பிரேசிலில் பரவிய, கொசு பரப்பும் ஜிகா வைரஸ், விழித்திரையில் கூர்மையான பார்வைக்கு உரிய நடுப்பகுதியான மாகுலாவிலேயே தழும்பை ஏற்படுத்தியது. இன்னொன்றும் உண்டு, பெற்றோரைக் குழப்புவது இதுதான்: கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனாலும் குழந்தை முகத்தைப் பார்க்காது, விளக்கைத் தொடராது. கண் அனுப்புவதை மூளையால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சரி, புரையை நிதானமாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. முதல் வாரங்களில் கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் வந்தால்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும். ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை இருந்தால் மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பிப் பழகிவிடும், அதனால் சுமார் 6 வாரத்துக்குள்ளேயே அதை எடுத்துவிடப் பார்ப்பார்கள். அதோடும் முடியாது, கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மற்றதைப் பழக்க வேண்டும். இது வருடக்கணக்கான வேலை, வீட்டில் இருப்பவர்களின் பொறுமையில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது.

சைட்டோமெகாலோவைரஸ் சந்தேகம் இருந்தால் பிறந்த 3 வாரத்துக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ சோதிக்க வேண்டும்; அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டாலும் அது கருவிலேயே வந்ததா, பிறந்தபின் தாய்ப்பால் போன்ற வழியில் தொற்றியதா என்று பிரிக்க முடியாது. விழித்திரைத் தழும்போ செவித்திறன் குறைவோ பின்னால்கூட வெளிப்படலாம், எனவே முதல் சோதனை நன்றாக வந்தாலும் அடுத்தடுத்த சோதனைகளை விட்டுவிடாதீர்கள். கண்மணி வெண்மையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டெடுத்த படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றது வெள்ளையாகவும் இருந்தாலோ அடுத்த தடுப்பூசி நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.