டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பது மின்தேக்கி

பழைய பிரித்தானியக் கார்களின் எஞ்சினைச் சீரமைக்க வழிகாட்டும் தமிழ்க் குறிப்புகளில், "டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள குளிர்விப்பானை மாற்றவும்" என்ற வாக்கியத்தை இதற்கு மேலும் பொறுத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பலமுறை படித்தாயிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது எஞ்சினின் பிளக்குகளுக்கு முறைப்படி உயர் மின்னழுத்தத்தைப் பகிர்ந்து அனுப்பும் அமைப்பு; அதற்குள் எதையும் குளிர்விக்கும் உறுப்பு கிடையாது. மூலத்தில் இருந்த சொல் கண்டன்சர். அகராதியில் அதற்கு முதலில் கண்ட பொருளை எடுத்து எழுதியவர், அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று ஒரு முறை கேட்டிருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'டென்சஸ்' என்றால் அடர்ந்தது; அதிலிருந்து வந்த வினைக்கு நெருக்கி அடர்த்தியாக்குதல் என்று பொருள். ஜேம்ஸ் வாட் 1769இல் உரிமம் பெற்ற நீராவி எஞ்சின் அமைப்பில், ஆவியைத் தனிக் கலத்தில் நீராக்கும் உறுப்புக்குக் கண்டன்சர் என்று பெயர். 1782இல் இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா, மிக மெல்லிய மின்னூட்டத்தையும் சேர்த்துக் காட்டும் தம் கருவிக்கு அதே வேரிலிருந்து பெயர் வைத்தார். மின்சாரத்தை ஒரு பாய்பொருளாக எண்ணிய காலம் அது. மின்னியலார் பிற்காலத்தில் இந்தப் பெயரைக் கைவிட்டுக் கப்பாசிட்டர் என்ற சொல்லுக்கு மாறிவிட்டார்கள். கார்த் தொழில் பழைய பெயரை விடவில்லை. ஆகவே ஆவியை நீராக்கும் உறுப்புக்கும், மின்னூட்டத்தைத் தாங்கும் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் குழப்பத்தைத் தமிழும் சுமக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

உறுப்பையே பார்ப்போம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. காரின் தொடக்க ஆண்டு எஞ்சின்களில் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டாரை உருவி எடுத்தால், அடித்தட்டில் ஒற்றைத் திருகால் இறுக்கிய சிறிய உலோக உருளை ஒன்று தெரியும். அதன் உறையே எர்த்; அதிலிருந்து வரும் ஒற்றை ஒயர் தொடுமுனையின் (மின்சுற்றை மாறி மாறி இணைத்துப் பிரிக்கும் முனை) கம்பத்தில் போய்ச் சேரும். உள்ளே இரண்டு உலோகத் தாள்கள், இடையில் மின்கடத்தாத் தாள் வைத்துச் சுருட்டப்பட்டிருக்கும். மின்தேக்குத் திறன் 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் வரை.

பிளக்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலின் முதன்மைச் சுற்றில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் சுழலும் கேம் என்ற புடைப்பு வந்து தொடுமுனைகளைப் பிரிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் உடனே நிற்க மறுக்கிறது. முதன்மைச் சுற்றிலேயே சில நூறு வோல்ட் எழுகிறது. அந்த உருளை இல்லையென்றால் பிரியும் முனைகளுக்கு இடையே வில்போல் பொறி பறக்கும், முனைகள் கருகும், காயிலில் சேர்ந்த ஆற்றல் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே வீணாகும். உருளை அந்த மின்னூட்டத்தைக் கண நேரம் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்வதால் முனைகள் பொறியின்றி விலக அவகாசம் கிடைக்கிறது. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. துணைச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து பிளக்கில் பொறி விழுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. 1853இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ தூண்டு சுருளின் தொடர்முறிப்பானுக்கு (மின்னோட்டத்தை விட்டுவிட்டு முறிக்கும் உறுப்பு) குறுக்கே இப்படி ஒன்றை இணைத்துப் பொறியை வலுப்படுத்திய அதே முறைதான் காருக்கும் வந்தது.

இனி, 'குளிர்விப்பான்' செய்யும் கேட்டுக்கு வருகிறேன். இது வெறும் சொல்லழகுச் சண்டையாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. பழுதான கண்டன்சரின் நன்கறியப்பட்ட அறிகுறி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடேறியதும் திணறி நின்றுவிடுவது. சற்று ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். சூட்டில் உள்ளே மின்கசிவு கூடுவதும் இணைப்பு விட்டுப்போவதும் அதற்குக் காரணம். இந்த அறிகுறியோடு வரும் ஒருவர் "குளிர்விப்பான் பழுதாகியிருக்கலாம்" என்று படித்தால் என்ன செய்வார்? ரேடியேட்டரைக் கழற்றுவார், தெர்மோஸ்டாட்டை மாற்றுவார், தண்ணீர்ப் பம்பைச் சந்தேகிப்பார். சூடானால் நிற்கிறது, ஆகவே குளிர்விக்கும் உறுப்பில்தான் கோளாறு என்று அந்தத் தவறான சொல் அவருக்குத் தவறான சான்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. புரியாத சொல்லாவது வாசகரை நிறுத்தி யோசிக்க வைக்கும். புரிந்ததுபோல் தோன்றும் பிழைச்சொல் நேராகத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது. பழைய காரில் பிற்பாடு ஏ.சி. பொருத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது வண்டியில் உண்மையாகவே வேறொரு கண்டன்சர் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதை உணர்ந்த சிலர் 'மின்சுருக்கி' என்றும் 'மின்செறிப்பி' என்றும் எழுதுகிறார்கள். தூய தமிழ் வேண்டும் என்ற அவர்களின் விருப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த ஆக்கங்களை ஏற்க முடியவில்லை. இவை வோல்டா காலத்துக் கருத்தை வேர் வேராகப் பெயர்க்கின்றன. மின்சாரம் அந்த உருளைக்குள் சுருங்குவதும் இல்லை, செறிந்து வேறொன்றாவதும் இல்லை. ஒரு தகட்டில் சேர்கிறது, பின் திரும்புகிறது. ஆங்கிலமே தவறென்று உதறிய உருவகத்தைத் தமிழ் வேரில் புதிதாக வார்ப்பதைத் தூய்மை என்று சொல்ல மாட்டேன். மேலும் 'சுருக்கி' என்றால் மின்னழுத்தத்தைக் குறைப்பது என்றே பலர் கொள்வார்கள். இங்கே நடப்பதோ அழுத்தம் பன்மடங்கு உயர்வது. 'மின்சேமிப்பான்' என்பதும் பொருந்தாது, அது பேட்டரியை நினைவூட்டும். மணிக்கணக்கில் வைத்திருக்கும் ஒன்றுக்கும் கண நேரம் தாங்கும் ஒன்றுக்கும் ஒரே பெயர் வைக்கலாகாது.

பள்ளி இயற்பியல் நூல்களில் நிலைபெற்ற 'மின்தேக்கி' நம் கையிலேயே இருக்கிறது. ஒடுங்கு–ஒடுக்கு, அடங்கு–அடக்கு போலத் தேங்கு–தேக்கு, தேக்குவது தேக்கி. நீர்த்தேக்கத்தை அறிந்த எந்தத் தமிழருக்கும் வரத்து, தங்கல், வெளியேற்றம் மூன்றையும் இந்தச் சொல் ஒரே மூச்சில் உணர்த்திவிடும். இலங்கையில் 'கொள்ளளவி' வழங்குகிறது. அது கப்பாசிட்டரின் கருத்தைச் சரியாகப் பிடித்த சொல், அங்கே எழுதுவோர் அதையே எழுதட்டும். ஆவியை நீராக்குவதற்கு ஒடுக்கி என்ற நல்ல சொல்லும் உண்டு. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் நம்மிடம் தெளிவாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக்குவது வளத்தை வீணடிப்பது.

பட்டறையில் 'கண்டன்சர்' என்று சொல்வதை நான் குறை கூறவில்லை. அம்பாசடரையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தொழில் கற்றார்கள், கற்பித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதைக் குளிர்விக்கும் பொருள் என்று நினைத்ததில்லை. பிழை எழுத்தில் நேர்கிறது. ஆங்கிலத்தில் 'பாயிண்ட்ஸ்' எனப்படும் தொடுமுனைகளை 'புள்ளிகள்' என்றும் டிஸ்ட்ரிபியூட்டரை 'விநியோகஸ்தர்' என்றும் எழுதுபவர்களும் இதே கூட்டம்தான். "புள்ளிகளின் இடைவெளியை 0.014 முதல் 0.016 அங்குலம் வைக்கவும்" என்று படிக்கும் புதியவர் எந்தப் புள்ளியைத் தேடுவார்? மொழிபெயர்ப்பாளர் காரை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்த படம் ஒன்றையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

கையேட்டில் முதலில் வரும் இடத்தில் "மின்தேக்கி (கடையில் கண்டன்சர் என்று கேட்கவும்)" என்று எழுதி, பிறகு மின்தேக்கி என்றே தொடரலாம். கூடவே, இன்று விற்கும் புது உருப்படிகளில் தரமற்றவையும் கலந்திருப்பதால், வேலை செய்துகொண்டிருக்கும் பழைய லூகாஸ் மின்தேக்கியை வெறும் வயதுக்காகத் தூக்கி எறியக் கூடாது என்றும், தொடுமுனையில் ஒன்று குழிந்து மற்றொன்று மேடிட்டிருந்தால் மின்தேக்குத் திறன் பொருந்தவில்லை என்றும், மாற்றும்போது கம்பத்தில் உள்ள காப்பு வளையத்தை இடம் மாற்றிப் போட்டால் முதன்மைச் சுற்று எர்த் ஆகிப் பொறியே வராது என்றும் அந்தக் கையேடு சொல்ல வேண்டும்.