அடுத்த வீட்டு ரகசியத்தை எங்கே சொல்வது?

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மனைப்பிரிவுகளிலிருந்து, வழக்கறிஞரான என்னிடம் வரும் அக்கம்பக்கத் தகராறுகள், முதல் நாளில் எப்போதும் நிலத்தைப் பற்றியவையாகவே இருக்கும். காம்பவுண்டு சுவர் முக்கால் அடி தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். மாடியின் மழைநீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்கும். தென்னை மட்டை கார் மீது விழும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பித்தால் சர்வேயர் வந்து புல வரைபடத்தின்படி அளந்து எல்லையைக் காட்டிவிடுவார். அளந்து காட்டிய பிறகும் ஒருவர் அமைதியடையவில்லை என்றால், சுவருக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது என்று எங்கள் தொழிலில் புரிந்துகொள்வோம்.

அந்த வேறொன்று பெரும்பாலும் வெளியே போன ஒரு குடும்பச் செய்தி. நல்ல உறவில் இருந்த காலத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன, மருத்துவமனைக்குத் துணைக்கு அழைத்துப்போன அதே அடுத்த வீட்டாருக்குத்தான் மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோன காரணமும், மகன் வாங்கிய கடனும், மருமகள் தாய்வீட்டுக்குப் போன நாளும் தெரிந்திருக்கும். உறவு கசந்ததும் அவை ஆயுதமாகின்றன. அவை வெளிப்படும் இடம் தெருச்சண்டை மட்டுமன்று. புது வரன் பேசும் வீட்டார் "குடும்பம் எப்படி?" என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வருகிறார்களே, அந்த ஐந்து நிமிடத்தில்தான் பழைய சுவர்க் கணக்கு பலவும் தீர்க்கப்படுகிறது. சம்பந்தம் கைநழுவிய தகப்பனார் என் முன்னால் அமர்ந்து, "அந்த அம்மாவை உள்ளே தள்ள வேண்டும், சார்" என்கிறார்.

அவருக்கு நான் சொல்வது இதுதான். அவதூறு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின் கீழ் குற்றம். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படலாம். ஆனால் காவல் நிலையத்தில் இதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டுவிட முடியாது, பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் முன் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் புகாரில், மறைக்க விரும்பிய அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அதைக் காதால் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். மகளும் குறுக்கு விசாரணையைச் சந்திக்க நேரலாம். நான்கு பேருக்குத் தெரிந்த செய்தி நீதிமன்றப் பதிவேட்டில் ஏறி நிற்கும். இதைக் கேட்டதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடாதவர்களுக்காக வழக்கு நடத்தவும் செய்கிறேன், ஆனால் அறிந்தே நடத்த வேண்டும்.

அடுத்த வீட்டுச் செய்தியை வெளியே சொன்னவர்கள் வந்தால், அவர்களிடம் நான் வேறொன்று சொல்வேன். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது இந்தக் குற்ற வழக்கில் முழுமையான தற்காப்பு ஆகாது. அந்த உண்மை பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டும். வரன் விசாரிக்க வந்தவரின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு எச்சரிப்பதற்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனால் ஆறு மாதமாகச் சுவர் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர் நல்லெண்ணத்தை நிரூபிப்பது எளிதன்று. குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் குரல்பதிவாக அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உரிய சான்றிதழுடன் அது சாட்சியமாக நீதிமன்றத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அடுத்த வீட்டில் எது நடந்தாலும் வாயை மூடிக்கொள்வதே நல்லது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. உண்மையில் எனக்கு அதிகக் கவலை தருவது வம்பு பேசுபவர்களைவிட, சரியான இடத்தில் பேசாதவர்கள்தான். இரவில் அடி விழும் சத்தம் மூன்று வீடுகளுக்குக் கேட்கிறது. காலையில் அந்த மூன்று வீடுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அதிகாரியிடம் மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும், அந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது என்றும் சொல்கிறது. பாதுகாப்பு அலுவலர் யாரென்று தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண் போதும். ஆக, ஒரே செய்தியைத் தெருவில் சொன்னால் அவதூறாகலாம், அதிகாரியிடம் சொன்னால் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கிறது. யாரிடம் சொன்னால் அந்த வீட்டில் அவதிப்படுபவருக்கு உதவி போய்ச்சேரும் என்ற ஒரு கேள்வியே என் கட்சிக்காரர்களுக்கு நான் தரும் அளவுகோல்.

குழந்தைகள் விஷயத்தில் அந்தத் தேர்வும் இல்லை. பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையே 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பெயரையோ வீட்டையோ குழுக்களில் பரப்பக் கூடாது. கீழ்த்தளத்தில் தனியே விடப்பட்ட முதியவரைப் பற்றியும் அடுத்த வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும். தாமே விண்ணப்பிக்க இயலாத முதியவர் அதிகாரம் அளித்தால், அவர் சார்பில் வேறொருவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கோரலாம் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

மற்றபடி, சண்டை கைகலப்பாகிவிட்டால் நடப்பது ஏறத்தாழ ஒரே மாதிரிதான். இரு தரப்பும் புகார் கொடுப்பார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகள் இரண்டு, பின்பு ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது என 296(பி), 115(2), 351 பிரிவுகளில் வழக்கும் எதிர்வழக்கும். (பழைய சட்டத்தில் இவை 294(பி), 323, 506, இந்த மூன்று எண்களையும் ஒன்றாக அறியாத வழக்கறிஞர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.) சண்டையில் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவனின் பெயரையும் சேர்த்துவிடுவார்கள், இரண்டாண்டு கழித்து அவனுடைய பாஸ்போர்ட் விசாரணையின்போது அது வந்து நிற்கும். பெரியவர்களின் வீம்புக்குப் பிள்ளைகளின் பெயரை எதிர்ப்புகாரில் எழுதச் சொல்பவர்களை நான் கண்டிப்பாகவே மறுத்துவிடுகிறேன்.

சமரசத்துக்கு மனமிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு தொடுப்பதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழியுண்டு. அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அத்தகைய உடன்பாட்டை எழுதும்போது சுவர், வடிகால், அளவு ஆகியவற்றை அங்குலம் பிசகாமல் எழுதுவேன். ஒரு தரப்பு மறுதரப்பின் வீட்டுப் பெண்ணைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ என்ன சொன்னது என்பதை மட்டும் எழுதுவதில்லை; எந்தக் குற்றச்சாட்டும் இடம்பெறாமல், இரு தரப்பும் தத்தம் புகார்களை முடித்துக்கொள்வதாக ஒரே வரியில் நிறுத்திவிடுவேன். மன்னிப்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம், அதை நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காகிதத்தில் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.